அறுபத்து மூன்று தடவை பெய்த மழை

அத்தியாயம் 5

சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தின் வாசலில் ஒரு வருகைப் பதிவேடு கிடந்தது. பெயர், வந்த நேரம், பார்க்க வேண்டியவர், வந்த காரணம் என்று நான்கு கட்டங்கள். துப்பறிவாளர் பூதக்கண்ணாடி பேனாவை எடுத்துப் பெயரை மட்டும் எழுதினார். மற்ற மூன்று கட்டங்களிலும், மேல் வரியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே ‘மேற்படி, மேற்படி, மேற்படி’ என்று போட்டுவிட்டு மாடிப்படி ஏறத் தொடங்கினார்.

பின்னால் வந்த மைத்துனர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார்.

“அத்தான், உங்களுக்கு மேல கையெழுத்துப் போட்டிருக்கறவர் கக்கூஸ் அடைப்பு எடுக்க வந்தவர்.”

“வந்த வேலையைப் பாரு மச்சான்.”

“அதைத்தான் சொல்றேன். நாமளும் அடைப்பு எடுக்கத்தானே வந்திருக்கோம்?”

பூதக்கண்ணாடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இருபது வருடம் போலீஸ் வேலையில் இருந்தவர். அவர் கண்ணுக்கு ஒரு தூசி தப்பாது என்று ஊர் வைத்த பெயர் அது. விருப்ப ஓய்வு பெற்றதும் கடைத்தெரு மாடியில் ஓர் அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் கண்ணாடி போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம். ‘குறையில்லாத பதிவுக்காக’ என்று தங்க எழுத்தில் போட்டு, அவர் இளைஞராக இருந்தபோது மேலிடம் கொடுத்தது. அதைத் தினமும் காலையில் துடைப்பது மைத்துனரின் வேலை. இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த அவருக்குக் கை கொஞ்சம் சோம்பல், வாய் மட்டும் ஓயாது. “இந்தக் கண்ணாடியைத் துடைக்கிற அளவுக்கு எங்கக்கா முகத்தை நீங்க ஒருநாள் துடைச்சிருப்பீங்களா அத்தான்?” என்று கேட்டுக்கொண்டே துடைப்பார்.

இரண்டு நாளுக்கு முன்னால் அந்தப் பத்திரத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தவர் ஒரு தையல்காரம்மா. கழுத்தில் அளவெடுக்கும் இஞ்சி டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கையில் அரசாங்கக் கடிதம். ‘தாங்கள் குறிப்பிடும் கல்குவாரி வளைவில் கடந்த மூன்று ஆண்டுகளில் விபத்து ஏதும் பதிவாகவில்லை. எனவே தடுப்புச் சுவர் கட்ட முகாந்திரம் இல்லை.’

“என் தம்பி போன வருஷம் அந்த வளைவுலதாங்க செத்தான். ரொட்டி கொண்டுபோற வண்டியோட பள்ளத்துல விழுந்தான். நான் போய்ப் பார்த்தேன். அரசாங்கம் அங்க யாருமே விழலைன்னு சொல்லுது. அப்ப என் தம்பி எங்கங்க செத்தான்?”

அவருடைய மகள் அதே வளைவு வழியாகத்தான் தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். சீர் செய்ய வேண்டிய ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்கும் குழு இன்று மூன்று மணிக்குக் கூடுகிறது. இன்று விட்டால் அடுத்த கூட்டம் இரண்டு வருடம் கழித்து. மணி இப்போது ஒன்பதரை.

பதிவறை இரண்டாம் மாடியில் இருந்தது. அதிகாரி நடுத்தர வயதுப் பெண். அவர் தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் பலகை. அதில் பச்சை மையில் ‘தகவல் தரம்: 100’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

“மூணு வருஷமா நூத்துக்கு நூறு சார்,” என்றார் பதிவறை அம்மா. குரலில் பெருமை வழிந்தது. “முன்னெல்லாம் பாதிக் கட்டம் காலியா வரும். இப்ப ஒரு கட்டம் காலியா இருந்தாலும் கம்ப்யூட்டர் வாங்காது, திருப்பி அனுப்பிடும். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கா, ஏழு நாளுக்குள்ள வந்துச்சா, இந்த ரெண்டையும் பார்த்துத்தான் மார்க்கு போடறோம்.”

“எழுதினது நடந்ததுதானான்னு பார்க்க மாட்டீங்களா மேடம்?” என்று கேட்டார் மைத்துனர்.

“அதுக்குக் கட்டம் இல்லையே சார்.”

மைத்துனர் வாயைத் திறந்தார். பூதக்கண்ணாடி அவர் காலை மிதித்தார்.

“நாற்பத்து மூணாவது கட்டத்தைப் பாருங்க,” என்று பதிவறை அம்மா விடாமல் சொன்னார். “‘எழுதியவர் சம்பவ இடத்தை நேரில் பார்த்தாரா?’ எல்லாத்துலயும் ஆம். ஒருத்தர்கூட உட்கார்ந்த இடத்துலேருந்து எழுதலை.”

பட்டியல் மேசைக்கு வந்தது. கல்குவாரி வளைவுக்கு நேரே பூஜ்யம். ஆனால் அதே சாலையில் பன்னிரண்டாம் கிலோமீட்டர் கல்லுக்கு நேரே அறுபத்து மூன்று. பழைய எடைமேடை இருக்கும் இடம் அது. லாரிகளை நிறுத்தி எடை பார்ப்பதற்காக என்றோ கட்டிய இரும்புத் தகடும் ஒரு குடிசையும்.

“பாருங்க அத்தான், புரிஞ்சுபோச்சு,” என்று மைத்துனர் எழுந்தே விட்டார். “கல்குவாரி முதலாளி வேலை. வளைவுல விபத்துன்னு வந்தா அவர் லாரிக்குத் தடை வரும். ஆளை வச்சு எல்லாத்தையும் எடைமேடைக்குத் தள்ளி விட்டிருக்கார். கேஸ் முடிஞ்சுது, போய்ச் சாப்பிடலாம்.”

பதிவறை அம்மா பேசாமல் ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார். உள்ளே கல்குவாரி முதலாளியின் மூன்று கடிதங்கள். வளைவில் சுவர் கட்டித் தரச் சொல்லி. இரண்டு லாரி கவிழ்ந்துவிட்டது, ஓட்டுநர்கள் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்கிறார்கள் என்று கெஞ்சி எழுதியிருந்தார். மூன்றுக்கும் தையல்காரம்மாவுக்குப் போன அதே பதில்.

மைத்துனர் உட்கார்ந்துவிட்டார்.

பூதக்கண்ணாடி அறுபத்து மூன்று வரியையும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் ஒரு கட்டத்தில் நின்றது. மேலே போனது. மறுபடி கீழே வந்தது.

“மச்சான், வானிலையைப் படி.”

“மழை. மழை. மழை. மழை...” மைத்துனர் பக்கத்தைப் புரட்டினார். “இதுவும் மழை. அத்தான், இது ஊரெல்லாம் தண்ணி லாரிக்குப் பின்னால குடத்தோட ஓடின மாசம். அப்பக்கூட எடைமேடையில மட்டும் கொட்டியிருக்கு. தெரிஞ்சிருந்தா குடத்தை அங்கயே கொண்டுபோய் வச்சிருக்கலாம்.”

“சாலை?”

“ஈரம். எல்லாமே ஈரம். காரணம், சறுக்கல். எல்லாமே சறுக்கல்.”

பூதக்கண்ணாடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துப்புக் கிடைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். “இது அறுபத்து மூணு விபத்து இல்லம்மா. ஒரே ஒரு விபத்து. எவனோ ஒருத்தன் என்னைக்கோ ஒரு மழை நாள்ல எழுதினதை மத்தவங்க அறுபத்து மூணு தடவை காப்பி அடிச்சிருக்காங்க.”

பதிவறை அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. தலைக்கு மேல் இருந்த நூறை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

“அந்த மகராசனை நேர்ல பார்த்து ஒரு மாலை போடணும் அத்தான்,” என்றார் மைத்துனர்.

“போடலாம். முதல்ல ஆளைப் பிடிப்போம்,” என்றார் பூதக்கண்ணாடி. படியிறங்கும்போது அவர் நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது.

அரசாங்கத்தின் கணக்குப்படி அந்த வட்டாரத்திலேயே ஆபத்தான இடத்தில், சாலை நடுவே ஒரு நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மைத்துனரின் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தும் அது எழுந்திருக்கவில்லை. அவர்தான் சுற்றிக்கொண்டு போனார். சாலை நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் ‘விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்று நான்கு பலகைகள். மஞ்சள் விளக்கு ஒன்று பட்டப்பகலில் விட்டு விட்டு எரிந்தது. போதாததற்கு மூன்று வேகத்தடை.

எடைமேடைக் குடிசையின் காவலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“பதினோரு வருஷமா இங்க இருக்கேன் சார். ஒரு கோழிகூட அடிபட்டதில்ல. திடீர்னு ஒருநாள் வந்து பலகை நட்டாங்க, அப்புறம் விளக்கு போட்டாங்க. ஏன்னு கேட்டேன். இங்கதான் நிறையச் சாவுன்னாங்க. அன்னையிலேருந்து என் பொண்டாட்டி எனக்குச் சாப்பாடு கொண்டுவர மாட்டேங்கறா.”

“போலீஸ்காரங்க இங்க வருவாங்களா?”

“மழை வந்தா எல்லாருமே இங்கதான் ஒதுங்குவாங்க. உள்ள மேசை இருக்கு, பெஞ்சு இருக்கு. இந்த ரோட்டுல நனையாம உட்கார வேற இடம் கிடையாது.”

பூதக்கண்ணாடி உள்ளே எட்டிப் பார்த்தார். ஜன்னல் ஓரமாக ஒரு பழைய மரப் பெஞ்சு. ஜன்னல் வழியே பார்த்தால் நேர் எதிரே வெள்ளை அடித்த கிலோமீட்டர் கல்லும் பன்னிரண்டு என்ற எண்ணும். எப்போதோ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த ஞாபகம் ஒன்று லேசாகத் தலைகாட்டியது. போலீஸ் வேலையில் எந்தப் பெஞ்சில்தான் உட்காரவில்லை என்று அதைத் தள்ளிவிட்டார்.

“செத்தவங்க இங்க சாகலைன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க செத்தாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது அத்தான்?”

“அவங்களைத் தூக்கிட்டு வந்த வண்டிக்குத் தெரியும்.”

ஆஸ்பத்திரிப் பின்கட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கொடுத்த நோட்டில் அழகு ஒன்றும் இல்லை. எண்ணெய்க் கறை, கோணல் எழுத்து, பாதிக் கட்டம் காலி. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு எண் மட்டும் தவறாமல் இருந்தது. கிளம்பும்போது மீட்டர் காட்டியது, போய்ச் சேர்ந்தபோது காட்டியது.

“டீசல் போடறதுக்காகக் கேப்பாங்க சார். அதுல கைவச்சா வேலை போயிடும். மத்ததெல்லாம் நேரம் இருந்தா எழுதுவேன்.”

ஆஸ்பத்திரியிலிருந்து எடைமேடை நான்கு கிலோமீட்டர். கல்குவாரி வளைவு ஒன்பது. மைத்துனர் தேதியைச் சொல்ல, பூதக்கண்ணாடி கழித்துப் பார்த்தார். ஒன்பது. ஒன்பது. ஆறு. ஒன்பது. நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அறுபத்து மூன்றில் நாற்பத்தொன்று ஒன்பதாக இருந்தது. நான்கு என்று ஒன்றுகூட இல்லை. தையல்காரம்மாவின் தம்பி இறந்த தேதிக்கு நேரேயும் ஒன்பதுதான். ஓரத்தில் ‘ரொட்டி வண்டி. மூச்சு இல்லை’ என்று எழுதியிருந்தது.

மைத்துனர் அதைப் படித்துவிட்டு நோட்டை மெதுவாக மூடினார்.

“நாற்பத்தொரு பேர் அத்தான். ஒருத்தன் எழுதினதைப் பார்த்து எழுதி எழுதி, அஞ்சு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டிருக்காங்க. பலகையும் விளக்கும் நாய்க்குப் போயிருக்கு.”

“ஸ்டேஷனுக்கு விடு வண்டியை.”

ஸ்டேஷன் ரைட்டர் கள்ளம் கபடம் இல்லாத மனிதர். கேட்ட கேள்விக்குக் கேட்காத பதிலையும் சேர்த்துச் சொன்னார்.

“கல்குவாரிப் பக்கம் கல்லே கிடையாதுங்க ஐயா. பதிமூணுலேருந்து பதினெட்டு வரைக்கும் லாரிக்காரங்க இடிச்சுத் தள்ளிட்டாங்க. படிவத்துல எத்தனாவது கிலோமீட்டர்னு ஒரு கட்டம் இருக்கு. எனக்கு எப்படித் தெரியும்? காலியா விட்டா கம்ப்யூட்டர் திருப்பி அனுப்புது. திருப்பி வந்தா எனக்கு மெமோ. வானிலைக்கு நம்பர் போடணும், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. எந்த நம்பர் எதுக்குன்னு விளக்கம் போட்ட தாள் நான் வர்றதுக்கு முன்னாலயே தொலைஞ்சுபோச்சு.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“மாதிரியைப் பார்த்துப் போட்டுருவோம். எல்லாரும் அப்படித்தான். மேலிடமே அனுப்பின மாதிரிதானே? அதுல தப்பு இருக்குமா?”

ரைட்டர் சுவரைக் காட்டினார். சட்டம் போட்ட ஒரு படிவம் ஆணியில் தொங்கியது. தாள் பழுத்திருந்தது. மேலே சிவப்பு மையில் ‘மாதிரிப் படிவம். இதுபோல் நிரப்பவும்’ என்று இருந்தது. கையெழுத்துப் போட்ட கீழ்ப்பகுதி மரச் சட்டத்துக்குள் மறைந்திருந்தது.

“இதுதானா அந்தக் கல்வெட்டு!” மைத்துனர் பக்கத்தில் போய் வாசிக்கத் தொடங்கினார். “பன்னிரண்டாம் கிலோமீட்டர். வானிலை மூணு. ஆகா, என்ன கையெழுத்து பாருங்க அத்தான், முத்துக் கோத்த மாதிரி. ஒரு கட்டம் காலி இல்ல. இவ்வளவு அழகா எழுதத் தெரிஞ்சவனுக்குக் கொஞ்சம் மூளையும் இருந்திருக்கலாம். ஏன் அத்தான், இவன் இப்ப எங்கயாவது உட்கார்ந்துக்கிட்டு, ‘நான் அந்தக் காலத்துல எப்படி வேலை பார்த்தேன் தெரியுமா’ன்னு நாலு பேரைப் போட்டு அறுத்துக்கிட்டு இருப்பான், பாருங்க.”



பூதக்கண்ணாடி அசையாமல் நின்றார். அந்த ஏழின் குறுக்கே போட்ட சின்னக் கோடு. வரிக்கு மேல் துள்ளி நிற்கும் ‘ழ’. இன்று காலை வருகைப் பதிவேட்டில் மூன்று தடவை எழுதிய ‘மேற்படி’யில் இருந்த அதே வளைவு. தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா? 

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிற்பகல். கல்குவாரி வளைவில் ஒரு லாரி சறுக்கி, அதன் கிளீனருக்குக் கால் போயிற்று என்று செய்தி வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவி ஆய்வாளர் சைக்கிளில் கிளம்பினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எடைமேடையில் ஒதுங்கினார். காலில் புது பூட்ஸ். கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக் கொடுத்தது, போட்டு இரண்டாம் நாள். வளைவுக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் சேறு. எதிரே வந்த லாரிக்காரரிடம் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டார். ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே தெரிந்த கல்லைப் பார்த்துப் பன்னிரண்டு என்று எழுதினார். ஒரு கட்டம் விடாமல், முத்து முத்தாக. ‘எழுதியவர் சம்பவ இடத்தை நேரில் பார்த்தாரா?’ ஆம்.

அந்த மாதம் வந்த படிவங்களில் அது ஒன்றுதான் முழுதாக நிரம்பியிருந்தது. மேலிடம் மெச்சிக்கொண்டது. பத்திரம் வந்தது. பத்திரத்தை மாட்டினார், படிவத்தை மறந்தார்.

“ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா? தண்ணி கொண்டு வரட்டுமா?” என்று ரைட்டர் கேட்டார்.

“வேண்டாம்ப்பா.” பூதக்கண்ணாடி மரச் சட்டத்தைப் பார்த்தார். பெயர் அதற்குள் பத்திரமாக ஒளிந்துகொண்டிருந்தது. யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் இனியும் தெரியப் போவதில்லை. அந்த எண்ணம் வந்ததற்காகவே அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

வெளியே வந்து பதிவறை அம்மாவுக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் நோட்டைப் பற்றியும் சுவரில் தொங்கிய மாதிரியைப் பற்றியும் சொன்னார். அந்த நாற்பத்தொன்றையும் இன்றே வளைவுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் மைத்துனருக்கும் கேட்டது.

“ஒவ்வொரு படிவத்தையும் எழுதினவர்தான் திருத்தணும் சார். ஒன்பது பேர் எழுதியிருக்காங்க. நாலு பேர் மாறிப் போயிட்டாங்க, ஒருத்தர் உயிரோட இல்ல. ஆறு மாசம் ஆகும்.” அவர் கொஞ்சம் யோசித்தார். “ஒரு வழி இருக்கு. மாதிரியே தப்புன்னு நிரூபிச்சுட்டா, அதைப் பார்த்து எழுதினது மொத்தத்தையும் குழு ஒரே உத்தரவுல ரத்து பண்ணலாம். ஆனா மாதிரியை எழுதினவரே வந்து, தப்பா எழுதினேன்னு ஒத்துக்கணும். இன்னும் ஒண்ணரை மணி நேரத்துல அந்த ஆளை எங்கன்னு போய்த் தேடுவீங்க?”

“தேட வேண்டாம்மா,” என்றார் பூதக்கண்ணாடி. “மூணு மணிக்கு அங்க இருப்பார்.”

மைத்துனர் குதித்தார். “கண்டுபிடிச்சுட்டீங்களா? எப்ப? யாரு அத்தான் அந்த முட்டாள்?”

“உங்கப்பா எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் எடுத்துக் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கா மச்சான்?”

“கறுப்பு பூட்ஸ். தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டீங்கன்னு அக்கா சொல்லும். அதுக்கும் இதுக்கும் என்ன...”

பூதக்கண்ணாடி சொன்னார். முழுதாக, ஒன்றும் விடாமல் சொன்னார். மைத்துனர் முதலில் சிரித்தார், அத்தான் என்றைக்கோ ஒருநாள் ஜோக் அடிக்கிறார் என்று. பிறகு சிரிப்பு பாதியில் நின்றுபோனது. உள்ளே சுவருக்கு முன்னால் நின்று தான் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்துக்குத் திரும்பி வந்தது.

“அத்தான், நான் தெரியாம...”

“நீ சொன்னதுல ஒரு வார்த்தை தப்பு இல்ல. நம்ம அறைக்குப் போய் அந்தப் பத்திரத்தைக் கழற்றி எடுத்துட்டு வா. அதுல என் பேரும் இருக்கு, தேதியும் இருக்கு. இந்தப் படிவத்துக்காகக் கொடுத்தாங்கன்னும் இருக்கு.”

மைத்துனர் வண்டியைக் கிளப்பினார். 

கூட்ட அறையில் நீள மேசையைச் சுற்றி ஏழு பேர். கடைசி வரிசையில் தையல்காரம்மா, மடியில் பையோடு. முறை வந்ததும் பூதக்கண்ணாடி எழுந்து நின்றார். ரைட்டரிடம் கேட்டு மரச் சட்டத்திலிருந்து பிரித்து வாங்கிய படிவத்தையும் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.  

“இதை எழுதினது நான். அன்னைக்கு நான் அந்த வளைவுக்குப் போகலை. மழை பெஞ்சுது, பூட்ஸ் நனையும்னு எடைமேடையில உட்கார்ந்து எழுதினேன். நேர்ல பார்த்தேன்னு பொய் எழுதினேன். கட்டமெல்லாம் நிரம்பியிருந்ததால நல்ல பதிவுன்னு பரிசு கொடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன். இந்தப் பொய்யைப் பார்த்துத்தான் மத்தவங்க எழுதியிருக்காங்க. அவங்க மேல தப்பு இல்ல.”

தலைவர் இரண்டு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல உங்க பேர் கெட்டுப்போகும்னு தெரியுமா?”

“கெட்டுப்போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு சார். எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.”

 பதிவறை அம்மா எழுந்தார். “நூறுன்னு மார்க்கு போட்டது நான் சார். எல்லாமே மழைன்னு இருக்கறதை மூணு வருஷத்துல நான் ஒரு தடவை படிச்சிருக்கலாம். இனிமே ஆம்புலன்ஸ் நோட்டோட ஒத்துப் பார்த்துத்தான் மார்க்கு போடுவேன். எவ்வளவு குறைஞ்சாலும் குறையட்டும்,” என்றார். 

பத்து நிமிடத்தில் முடிந்தது. அறுபத்து மூன்று இடப்பதிவும் ரத்து. கல்குவாரி வளைவுக்கு நேரே நாற்பத்தொன்று. பட்டியலில் முதல் இடம். மழைக்காலத்துக்குள் சுவர். நாற்பத்தொரு விபத்துக்கும் பூதக்கண்ணாடியே இடத்துக்குப் போய், ஓட்டுநரையும் உறவினரையும் விசாரித்துப் புதிய படிவம் எழுதித் தர வேண்டும் என்பது உத்தரவு.

வெளித் தாழ்வாரத்தில் தையல்காரம்மா காத்திருந்தார். நன்றி சொல்லவில்லை. பூதக்கண்ணாடியும் எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கழுத்தில் தொங்கிய இஞ்சி டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அன்னைக்கு நீங்க அந்த வளைவு வரைக்கும் போயிருந்தா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை. பூதக்கண்ணாடியின் மனசுக்குள் அது முடிந்தது.

தையல்காரம்மா பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். தம்பியின் விபத்துப் படிவத்தின் நகல்.

“இதுல மழையில சறுக்கி விழுந்தான்னு போட்டிருக்கு. பார்த்தவங்கல்லாம் மழையில எதுக்கு வேகமாப் போனான்னு கேக்கறாங்க. அன்னைக்கு நல்ல வெயிலுங்க. காலையில அவன் சட்டையைத் துவைச்சுக் காயப்போட்டேன். சேதி வர்றதுக்குள்ள அது மொறமொறன்னு காஞ்சிருந்துச்சு. முதல்ல இதை மாத்திக் குடுங்க.”

“இங்க உட்கார்ந்து எழுத மாட்டேம்மா,” என்றார் பூதக்கண்ணாடி. “இடத்தைக் காட்டுங்க.”

நான்கரை மணி வெயிலில் மூவரும் கல்குவாரி வளைவில் நின்றார்கள். தையல்காரம்மா ஓரிடத்தைக் காலால் தொட்டுக் காட்டினார். சாலை ஓரத்தில் மண் சரிந்து, கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லாமல் பள்ளம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. கீழே ரொட்டித் தட்டு ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. பூதக்கண்ணாடி முழங்கால் போட்டார். இஞ்சி டேப்பை வாங்கிச் சாலை விளிம்பிலிருந்து அளந்தார். மண் கால்சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது. எண்களை மைத்துனர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார்.

மோட்டார் சைக்கிள் இருக்கையில் தாளை வைத்து எழுதினார். இடம், எடைமேடைக் கல்லிலிருந்து ஐந்து கிலோமீட்டர். வானிலை, வெயில். சாலை, உலர்ந்தது. எதிரே வந்த வண்டி என்ற கட்டத்துக்கு வந்ததும் தையல்காரம்மாவைப் பார்த்தார். அவர் தெரியாது என்று தலையசைத்தார். ‘தெரியாது’ என்று எழுதினார். வேகம், தெரியாது. தன் வாழ்நாளில் ஒரு படிவத்தின் கட்டத்துக்குள் அந்த வார்த்தையை எழுதுவது அவருக்கு இதுதான் முதல் தடவை.

கடைசியில் நாற்பத்து மூன்றாவது கட்டம் வந்தது. எழுதியவர் சம்பவ இடத்தை நேரில் பார்த்தாரா? பேனா வெகுநேரம் அங்கேயே நின்றது. ஆம் என்ற ஒரு வார்த்தைக்கு மட்டுமே இடம் விட்ட சின்னக் கட்டம்.

‘ஆம். இருபத்திரண்டு வருடம் தாமதமாக’ என்று எழுதினார்.

மைத்துனர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “அத்தான், கட்டத்துக்கு வெளிய போகுது,” என்றார் தாழ்ந்த குரலில். “கம்ப்யூட்டர் வாங்காது.”

“வாங்கற வரைக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்,” என்றார் பூதக்கண்ணாடி. கையெழுத்தை ஒளிக்காமல், பெயர் முழுதும் தெரிகிற மாதிரி பெரிதாகப் போட்டார். பிறகு தாளைத் தையல்காரம்மாவிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கிற வரை தலை குனிந்து நின்றார்.